மெஷினுக்கு மட்டும்தான்

பேங்க்கிலிருந்து வந்த கடிதத்தை நின்றுகொண்டு ஒரு முறை படித்தேன். உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். இரண்டு முறையும் அது ஒன்றையேதான் சொன்னது. என் தங்கை புருஷனின் சலவைக் கம்பெனி வைத்துவிட்டுப் போன கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் நான். முப்பது நாளில் முழுத் தொகையையும் நான் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் என் வீட்டை எடுத்துக்கொள்வார்கள். அடியில் ‘தங்கள் உண்மையுள்ள’ என்று போட்டு ஒரு கையெழுத்து. உண்மையாம்.

வீடு என்றால் மாளிகை ஒன்றும் இல்லை. கீழே ஒரே அறை, அது என் டிரைவிங் ஸ்கூல். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சாலைக் குறிகள் வரைந்த ஒரு பலகை. மேலே மூன்று அறை. என் வீட்டுக்காரர் போன பிறகு இருபத்தாறு வருடம் கண்டவர்களுக்கெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்து வாங்கின வீடு. ஒவ்வொரு செங்கல்லுக்கும் ஒருத்தர் கிளட்ச்சைப் படக்கென்று விட்டு என் நெற்றியை முன்கண்ணாடியில் முட்ட வைத்திருக்கிறார். அதை ஒரு தபால்காரர் கையில் கொடுத்தனுப்பிப் பிடுங்கப் பார்க்கிறார்கள்.

“தம்பி, கொஞ்சம் கீழ வர்றீங்களா சார்” என்று மாடிப்படியைப் பார்த்துக் கூப்பிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். ‘சார்’ வந்துவிட்டால் நிலைமை கைமீறிவிட்டது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தம்பி என்று நான் கூப்பிடுவது என் தங்கை புருஷனைத்தான். ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுக்கும் கம்பெனியைப் பத்து வருடம் நடத்தினார். தெருவில் அவருக்கு ‘நுரை’ என்றுதான் பெயர். எட்டு மாதத்துக்கு முன் கம்பெனியை மூடினார். வாடகை கொடுக்க வழியில்லாமல் அவரும் தங்கையும் என் மாடிக்கு வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து என் வீட்டில் கசங்கின துணி என்று ஒன்று கிடையாது. கைப்பிடித் துணிக்குக்கூட மடிப்பு வைத்து இஸ்திரி போட்டுவிடுவார். கை சும்மா இருக்காது, வாய் திறக்காது. அவருக்கும் சேர்த்து என் தங்கை பேசுவாள். அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பேசுவேன்.

கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். முகம் வெளுத்துப் போனது.

“இது தப்புக்கா. உங்க கையெழுத்து மெஷின் லோனுக்குத்தான். அதைத்தான் அடைச்சாச்சே. இது ஓவர்டிராஃப்ட். அதுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்ல.”

“சம்பந்தம் இல்லாமதான் என் வீட்டு நம்பரைத் தேடிப் பிடிச்சுப் போட்டிருக்கானா சார்?”

ஓவர்டிராஃப்ட் என்பது, கணக்கில் இல்லாத பணத்தையும் எடுத்துக்கொள்ளலாம், வட்டியோடு திருப்பிக் கட்டினால் போதும் என்கிற ஏற்பாடு. பெரிய சலவை மெஷினுக்குக் கடன் வாங்கி ஒரு வருடம் கழித்து அதையும் வாங்கினார். அப்போது ஹோட்டல் ஆர்டர்கள் குவிந்திருந்தன. அப்புறம் ஒரு பெரிய ஹோட்டல் ஏழு மாதக் கூலியைக் கொடுக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. அங்கேதான் சரிவு ஆரம்பம்.

அந்தச் சரிவில் நுரை செய்த ஒரு காரியம் எனக்கு ஒரு வருடமாக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இருந்த ஒரே வேனை விற்றுவிட்டார். விரிப்புகளை எடுத்துவரவும் கொண்டுபோய்க் கொடுக்கவும் வேன் இல்லாமல் சலவைக் கம்பெனி எப்படி ஓடும்? அந்த வேனை ஐந்து இடம் ஏறி இறங்கி, என்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் நான். விற்ற பணத்தைக் கொண்டுபோய் மெஷின் கடனில் இன்னும் இரண்டு வருடத் தவணை பாக்கி இருக்கும்போதே முழுவதையும் கட்டிவிட்டார். நாலு மாதத்தில் கம்பெனி படுத்தது. முழுசாகக் கடன் அடைத்த அந்த மெஷினையும் மற்றக் கடனுக்காக பேங்க்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். காலை வெட்டிச் செருப்பு வாங்கின கதை என்று நான் சொல்லாத நாள் இல்லை. அவர் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஊருக்கெல்லாம் ‘பார்த்துப் போ’ என்று சொல்கிறவள், பார்க்காமல் எப்படிக் கையெழுத்துப் போட்டேன்?

நாலு வருடத்துக்கு முன் பேங்க்கில் கடன் பிரிவு அதிகாரியாக இருந்தவர் என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். நாற்பது வயது, நல்ல மனுஷன், தொடைநடுங்கி. எதிரே ஒரு காகிதம் பறந்து வந்தாலும் பிரேக்கில் ஏறி நிற்பார். நான் வைத்த பெயர் ‘பிரேக் சார்’. மற்றவர்கள் இருபது வகுப்பில் தேறினால் அவர் முப்பத்திரண்டு வகுப்பு எடுத்துக்கொண்டார். குறுக்கே வந்த நாயிடம் கண்ணாடியை இறக்கி ‘ஸாரி’ சொன்ன ஒரே மாணவர் அவர்தான். எனக்கு அவரைப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும், அதுதான் சங்கடம்.

நுரையின் மெஷின் கடன் அவர் மேசைக்குத்தான் போயிருந்தது. சொந்தக்காரர் ஒருவர் ஜாமீன் வேண்டும் என்றார்கள். நான் காலை ஆறு மணியிலிருந்து மாலை வரை வண்டிக்குள்ளேயே கிடப்பவள். பேங்க்குக்குப் போக நேரம் ஏது? “நீங்க அலைய வேண்டாம் டீச்சர், நான் வகுப்புக்கு வரும்போது கொண்டுவரேன்” என்றார் பிரேக் சார். கொண்டுவந்தார். அன்றைக்கு மேட்டில் நிறுத்தி ஏற்றுகிற பாடம். வண்டி பின்னால் பின்னால் போகிறது, அவர் பயத்தில் பேங்க் கதை பேசுகிறார், நான் என் பக்கத்துப் பிரேக்கை மிதித்துக்கொண்டு கேட்கிறேன்.

“இது மெஷினுக்கு மட்டும்தான் டீச்சர். மெஷின் கடன் முடிஞ்சா உங்க கையெழுத்தும் முடிஞ்சது. மத்தபடி அச்சடிச்ச பேப்பர், எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

வகுப்பு முடிந்து வண்டியின் பானெட்மேல் காகிதங்களை வைத்துக் காட்டினார். பதினோரு இடம். சூடான தகரத்தில் கை சுடச் சுடப் போட்டேன். அடுத்த வகுப்புக்காரி குடையோடு நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

கடிதம் வந்த மறுநாள் பேங்க்குக்குப் போனேன். பிரேக் சார் பதவி உயர்வில் தலைமை அலுவலகம் போய்விட்டாராம். புது மேனேஜர் காகிதத்தின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கம்பெனி ‘இப்போது வாங்கியுள்ள, இனிமேல் வாங்கப்போகும் எல்லாக் கடன்களுக்கும்’ நான் பொறுப்பாம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.

“உங்க ஆள் மெஷினுக்கு மட்டும்தான்னு சொன்னாரே சார்” என்றேன்.

“வாயால யாரும் ஆயிரம் சொல்லலாம்மா. பேப்பர்ல என்ன இருக்கோ அதுதான். படிக்காம போட்டது உங்க தப்பு.”

அந்த ஆளுக்கு என்னிடம் எவ்வளவு மரியாதை கிடைத்தது என்பதை எழுத மாட்டேன். காவலாளி வந்து வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

வக்கீலம்மாவைப் பிடித்துக் கொடுத்தது தங்கை. ஒல்லியான மனுஷி, தொண்டை கரகரப்புக்கு எப்போதும் வாயில் ஒரு மிட்டாய். கதை முழுவதையும் கேட்டுவிட்டு மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

“கையெழுத்து வாங்கும்போது பேங்க் ஆள் தப்பா சொல்லி வாங்கியிருந்தா அந்த ஜாமீன் செல்லாது. வேணும்னே சொன்னாரா, தெரியாம சொன்னாராங்கிறதுகூட முக்கியமில்ல. ஆனா சொன்னார்னு நிரூபிக்கணும். வண்டிக்குள்ள வேற யார் இருந்தா?”

“நானும் அவரும். பின்னாடி ஸ்டெப்னி.”

“ஸ்டெப்னி சாட்சி சொல்லாது. எழுத்துல ஏதாவது?”

“எழுத்துல என்ன இருக்கப்போகுது? வகுப்பு முடிஞ்சதும் நோட்டுல எழுதுறதுதான்.”

மிட்டாய் நின்றது. “என்ன நோட்டு?”

நான் சொன்னேன். லைசென்ஸ் ஆபீசில் கேட்பார்கள் என்பதால் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நோட்டு வைத்திருப்பேன். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பக்கம். என்ன பாடம், என்ன தப்பு, ஏன் தப்பு என்று நான் எழுதுவேன். கீழே நானும் கையெழுத்துப் போடுவேன், மாணவரும் போடுவார். மற்ற ஸ்கூல்காரர்கள் ‘நன்று’ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போவார்கள். எனக்கு அது ஆகாது. வகுப்பில் திட்டினது பாதி, நோட்டில் திட்டுவது மீதி.

“அந்த நோட்டு இருக்கா?” என்றார் வக்கீலம்மா.

“எங்கயாவது இருக்கும்.”

எங்கே என்பதுதான் கேள்வி. அந்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து மூட்டை மூட்டையாக இறக்கினோம். நுரை ஏணியில் நின்று கொடுக்க, தங்கை வாங்க, நான் தரையில் உட்கார்ந்து பிரித்தேன். தும்மித் தும்மி மூன்று பேருக்கும் மூக்கு சிவந்தது. பழைய நோட்டுகளைப் படித்துத் தங்கை சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். “‘இவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கவில்லை, அதில் தொங்குகிறார்.’ அக்கா, இதையெல்லாமா எழுதுவ?” சாயங்காலம் நாலு மணிக்கு நுரை ஏணியில் நின்றபடியே ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

“அக்கா, பத்தொன்பதாவது வகுப்பு” என்றார்.

என் கையெழுத்தேதான். ‘பாடம்: மேட்டில் நிறுத்தி ஏற்றுதல். தப்பு: வண்டி இரண்டு முறை பின்னால் போனது. காரணம்: கவனம் ரோட்டில் இல்லை. ஜாமீன் பேப்பர் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டுகிறார். மெஷின் கடனுக்கு மட்டும்தான், அது முடிந்தால் இதுவும் முடிந்தது என்று ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்கிறார். கிளட்ச்சை ஒரு தடவைகூட ஒழுங்காக விடவில்லை. அடுத்த வகுப்பு முதல் வண்டிக்குள் பேங்க் பேச்சு கூடாது.’ கீழே என் கையெழுத்து. பக்கத்தில் குண்டு குண்டாகப் பிரேக் சாரின் கையெழுத்து, தேதியோடு.

தங்கை என்னைக் கட்டிக்கொண்டாள். “உன் வாய்க்கொழுப்புதான் நம்மளக் காப்பாத்தப்போகுது” என்றாள். நான் சிரிக்கவில்லை. அந்தக் குண்டு கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நோட்டை நீட்டினால் அந்த மனுஷன் வேலைக்கு என்ன ஆகும்? வக்கீலம்மாவிடம் கேட்டேன்.

“உங்களுக்கு வீடு வேணுமா, அவர் மேல பரிதாபம் வேணுமா?”

“ரெண்டும் வேணும்” என்றேன்.

“முதல்ல வீட்டைப் பார்ப்போம்” என்றார் அவர்.

வழக்கு கடன் தீர்ப்பாயத்தில் நடந்தது. சினிமாவில் வருகிற மாதிரி பெரிய மண்டபம் இல்லை. பள்ளிக்கூட வகுப்பறை அளவு ஓர் அறை, சுவரெல்லாம் நாடா கட்டிய கோப்புகள், கிறீச் கிறீச்சென்று ஒரு மின்விசிறி. நீதிபதி வழுக்கைத் தலையும் கனமான கண்ணாடியுமாக இருந்தார். போகிற வழியெல்லாம் வக்கீலம்மா எனக்கு ஒரே பாடம்தான் நடத்தினார். “கேட்டதுக்கு மட்டும் பதில். நீங்க யாரையும் சார்னு கூப்பிட்டா நான் பயந்துடுவேன்.”

முதலில் பேங்க் தரப்பு சாட்சியாகப் பிரேக் சார் ஏறினார். என்னைப் பார்த்து வணக்கம் சொல்லக் கையைத் தூக்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். பேங்க் வக்கீல் கேட்டதற்கெல்லாம், “விதிப்படி விளக்கியிருப்பேன்”, “சரியா ஞாபகம் இல்லை” என்று சொல்லிக்கொண்டே வந்தார். பொய் சொல்கிறவர் மாதிரி இல்லை. யாரோ ஓரமாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது.

எங்கள் வக்கீலம்மா நோட்டை அவர் கையில் கொடுத்தார்.

“இது உங்க கையெழுத்தா?”

“ஆமா.”

“மேல எழுதியிருக்கறதைப் படிங்க.”

அவர் படித்தார். கிளட்ச் வரிக்கு வரும்போது குரல் இறங்கிப் போனது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைத்தார் என்று எனக்கு இப்போதும் சந்தேகம்.

பேங்க் வக்கீல் எழுந்தார். “நீங்க இதைப் படிச்சுட்டா கையெழுத்துப் போட்டீங்க?”

“இல்ல. வகுப்பு முடிஞ்சதும் டீச்சர் இடத்தைக் காட்டுவாங்க, போட்டுடுவேன்.”

“பாருங்க” என்று பேங்க் வக்கீல் நீதிபதியிடம் திரும்பினார். “படிக்காம போட்ட கையெழுத்து. மேல எழுதியிருக்கறது இவரை எப்படிக் கட்டுப்படுத்தும்?”

எங்கள் வக்கீலம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். “அதையேதான் நாங்களும் நாலு மாசமா சொல்லிட்டிருக்கோம்.”

அறை முழுக்கச் சிரிப்பு. பேங்க் வக்கீலுக்குக் காது சிவந்தது. நான் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். ஆனால் அந்த ஆள் லேசுப்பட்டவர் இல்லை. நான் ஏறியதும் என்னை ஒரு பிடி பிடித்தார். நோட்டில் இருப்பது நானே எழுதியது, நானாகவே தப்பாகப் புரிந்துகொண்டிருப்பேன், எல்லாக் கடனுக்கும்தான் ஜாமீன் என்பது குடும்பத்துக்கே தெரியும், இப்போது வீடு போகிறது என்றதும் தெரியாத மாதிரி நடிக்கிறோம் என்றார்.

“போர்டைப் படிக்காம வண்டி எடுக்கக் கூடாதுன்னு சொல்லிக்கொடுக்கிற நீங்க, மூணு பக்கம் படிக்காம கையெழுத்துப் போட்டீங்கன்னா யார் நம்புவா?”

“பேப்பரைப் படிக்கலதான். ஆளைப் பத்தொன்பது நாள் பார்த்திருக்கேன். அவர் ஏமாத்துற ஆள் இல்ல. அதனால போட்டேன் சார்.”

வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பிரேக் சார் தரையைப் பார்த்தார்.

கடைசியாக நுரையைக் கூப்பிட்டார்கள். வீட்டிலேயே வாய் திறக்காதவர், இங்கே என்ன பேசப்போகிறார்? அவரே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சாட்சி நிற்கிற இடத்தில் கட்டையில் தூசி இருந்ததை விரலால் துடைத்துவிட்டுத்தான் நின்றார்.

பேங்க் வக்கீல் தாள்களைப் புரட்டினார். “ஓவர்டிராஃப்ட் நிலுவை ஏறிட்டே போகுது. கரண்ட் பில் பாக்கி, வாடகை பாக்கி. ஆனா மெஷின் கடனை மட்டும் ரெண்டு வருஷம் முன்னாடியே அடைச்சிருக்கீங்க. அதுவும் வேனை வித்து. ஏன்?”

“அதுல அக்கா கையெழுத்து இருந்துச்சு சார்.”

“புரியல.”

“அக்கா கையெழுத்து அதுக்கு மட்டும்தான்னு பேங்க்ல சொல்லியிருந்தாங்க. ஹோட்டல்காரன் ஏமாத்தினதும் இனி கடை நிக்குமா நிக்காதான்னு எனக்குத் தெரியல. கடை போனா போகட்டும், முதல்ல அக்காவை வெளிய எடுத்துடணும்னு தோணுச்சு. கையில விக்கிற மாதிரி இருந்தது வேன் ஒண்ணுதான்.”

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“அந்த வேன் இருந்திருந்தா கம்பெனி பிழைச்சிருக்குமா?” என்று கேட்டார் பேங்க் வக்கீல். நிர்வாகம் தெரியாத ஆள் என்று காட்ட நினைத்திருப்பார்.

“பிழைச்சிருக்கலாம் சார். ஆஸ்பத்திரி ஆர்டர் ரெண்டு கையில இருந்துச்சு. வேன் இருந்திருந்தா ஓட்டியிருப்பேன்.”

“பிறகு?”

“பிழைக்காமலும் போயிருக்கலாமே சார். அந்த சந்தேகத்துல அக்கா வீட்டை வைக்க முடியாது.”

பேங்க் வக்கீல் உட்காரப் போனார். நுரை இன்னும் முடிக்கவில்லை. என் பதினாறு வருட அனுபவத்தில் அவர் கேட்காமல் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். “அடைச்ச அன்னைக்கு இந்த சார்கிட்டயே கேட்டேன். அக்கா கையெழுத்து தீர்ந்துச்சான்னு. தீர்ந்துச்சு, நிம்மதியா போங்கன்னார். அதைக் கேட்டுட்டுதான் வீட்டுக்குப் போனேன்.”

நீதிபதி பிரேக் சாரைத் திரும்பவும் எழுப்பினார். “இவர் சொல்றது நிஜமா? யோசிச்சுச் சொல்லுங்க.”

பிரேக் சார் எழுந்து நின்றார். அவர் வலது கால் தரையை அழுத்துவதை நான் பார்த்தேன். லாரி எதிரே வந்தால் அப்படித்தான் அழுத்துவார். பேங்க் வக்கீல் அவரையே முறைத்துக்கொண்டிருந்தார். நான் என்னை அறியாமல் ‘மெதுவா, மெதுவா’ என்று வாய்க்குள் முணுமுணுத்தேன். என் வீட்டுக்காகவா அவருக்காகவா என்று கேட்டால் தெரியாது.

“நிஜம்தான்” என்றார். “அன்னைக்கும் சொன்னேன், வண்டியில டீச்சர்கிட்டயும் சொன்னேன். மெஷினுக்கு மட்டும்தான்னு நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். எங்க சீனியர் சொன்னதை நான் சொன்னேன். அந்த மூணாவது பக்கத்தை இந்தக் கேஸ் வந்தப்புறம்தான் படிச்சேன்.”

அவ்வளவுதான். தீர்ப்பு பிறகு வரும் என்று நீதிபதி எழுந்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை, அதுதான் உண்மை. ஒரு வருடம். காலை டீயோடு ஒரு தடவை, ராத்திரி சாப்பாட்டோடு ஒரு தடவை அந்த வேனை எடுத்து அவர் தலையில் போட்டிருக்கிறேன். விருந்தாளி முன்னால் சொல்லியிருக்கிறேன். என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு உதாரணமாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவையும் அந்த மனுஷன் என் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டிருக்கிறார். மன்னிப்பு கேட்கலாம் என்று போவேன். அவர் நிமிர்ந்து “டீ வேணுமாக்கா” என்பார். “வேணாம்” என்று திரும்பிவிடுவேன்.

மூன்று வாரம் இப்படியே போனது. தங்கை சமையலறையில் என்னை மடக்கினாள்.

“யாரையாவது திட்டேன்க்கா. வீடு வீடாவே இல்ல. அவர் பயந்துபோய் தினமும் திரைச்சீலையைத் துவைக்கிறார்.”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“சொல்ல வேண்டியதுதானே.”

“சொன்னா வீட்டுக்கே வர மாட்டேன்னு சொல்லி என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். நீ திட்டும்போதெல்லாம் எனக்கு நாக்கு நுனிவரைக்கும் வரும். அவர் என்னைப் பார்ப்பார். முழுங்கிடுவேன்.”

தீர்ப்பு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. வக்கீலம்மாவே எடுத்துக்கொண்டு வந்தார். பேங்க்கின் அதிகாரி தவறாகச் சொன்னதை நம்பித்தான் கையெழுத்து போடப்பட்டது. கடன் வாங்கியவரும் அதை நம்பித்தான் நடந்திருக்கிறார். தன் சொத்தை விற்று அந்த ஒரு கடனை மட்டும் முந்தி அடைத்ததற்கு வேறு காரணம் இல்லை. ஆகவே இந்த ஜாமீன் செல்லாது. வீட்டின்மேல் பேங்க்குக்கு எந்த உரிமையும் கிடையாது. ஓவர்டிராஃப்ட் நுரையின் கடனாகவே நிற்கிறது. அதை மாதா மாதம் கொஞ்சமாகக் கட்ட வக்கீலம்மா ஏற்பாடு பேசி வைத்திருந்தார். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் நுரைக்கு மேற்பார்வை வேலையும் கிடைத்திருந்தது. பிரேக் சாரை வேலையை விட்டு எடுக்கவில்லை, வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். அதையும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

தங்கை அழுதாள், சிரித்தாள், வக்கீலம்மாவுக்கு இரண்டு டம்ளர் டீ கொடுத்தாள். அவர் போன பிறகு நான் கீழே என் அறையில் உட்கார்ந்திருந்தேன். நுரை என் மேசை விரிப்பை மாற்ற வந்தார். தங்கை பின்னாலேயே படியில் நின்றாள்.

“தம்பி” என்றேன். “ஒரு வருஷமா நான் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன். தப்பு என் மேலதான். என்னை மன்னிச்சுடுங்க.”

“ஐயோ, என்னக்கா இது.”

“அதை விடுங்க. அன்னைக்கே ஏன் சொல்லல? வேனை விக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

விரிப்பின் நாலு மூலையையும் இழுத்துச் சரி செய்தார். செய்துகொண்டே சொன்னார்.

“சொல்லியிருந்தா விக்க விட்டிருக்க மாட்டீங்களே.”

விட்டிருக்க மாட்டேன். சத்தியமாக விட்டிருக்க மாட்டேன். வீடு போனால் மயிரே போச்சு, வேனை வை, கடையைக் காப்பாத்து என்று சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டிருப்பேன். அது எனக்கே அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதனால்தான் சொல்லாமல் விற்றுவிட்டு, ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு திட்டும் வாங்கியிருக்கிறார்.

“அப்போ அக்காவை ஏமாத்தியிருக்கீங்க” என்றேன். “மறைச்சு வச்சு என் வீட்டைக் காப்பாத்தியிருக்கீங்க. யார் கேட்டா சார் உங்களை? சொந்தக் கடையை விட்டுட்டு அடுத்தவங்க வீட்டைக் காப்பாத்துற புத்தி எந்த ஊர்ல சார் கத்துக்கிட்டீங்க? என் கூடப்பிறந்தவனா நீங்க? கூடப்பிறந்தவன்கூட செய்ய மாட்டான் சார்.”

அழுதுகொண்டே திட்டினேன். மூன்று வாரத்துக்கும் சேர்த்துத் திட்டினேன். அவர் மேசையைப் பிடித்தபடி தலையைக் குனிந்து, ஒவ்வொன்றுக்கும் “சரிக்கா, சரிக்கா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. படியில் நின்ற தங்கை “அப்பாடா” என்று சொல்லிவிட்டு உலை வைக்க மாடிக்குப் போனாள்.